பால்காரியின் மீதி நாள்: உவரிப் பகுதியில் குடும்ப வரலாறும் பெண்களின் அன்றாடமும்

1. கேள்வி

உவரி சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கு மக்கள் சொல்லும் தலக்கதையில் ஒரு பால்காரி வருகிறாள். பக்கத்து ஊரான கூட்டப்பனையிலிருந்து பால் சுமந்து உவரிக்கு விற்க வருகிறவள், கடம்ப மரத்து வேர் ஒன்றில் நாள்தோறும் கால் இடறிப் பாலைக் கொட்டிவிடுகிறாள். அந்த வேரை வெட்டும்போது ரத்தம் பீறிடுகிறது. சந்தனம் அரைத்துப் பூசியதும் நிற்கிறது. ஈசன் அங்கே இருப்பது ஊருக்குத் தெரியவருகிறது. அத்துடன் கதை கோயிலுக்குள் போய்விடுகிறது. பால்காரி என்ன ஆனாள் என்று யாரும் கேட்பதில்லை. அவளுக்குப் பெயர்கூட இல்லை.

ஆனாலும் அவளைப் பற்றிச் சில செய்திகளைக் கதை போகிறபோக்கில் விட்டுச்சென்றிருக்கிறது. மாடு கட்டிப் பிழைத்த ஊர் ஒன்று, பாலை வாங்கிக்கொள்ளும் கடற்கரை ஊர் மற்றொன்று, இரண்டையும் சேர்க்கும் ஒற்றையடிப் பாதை, அதில் சுமையோடு தனியே நடந்த ஒரு பெண், கொட்டிய பாலுக்கு வீட்டில் சொல்லியாக வேண்டிய கணக்கு. பெயரைத் தவிர அவளுடைய காலைப்பொழுது முழுவதும் இதில் இருக்கிறது.

குடும்ப வரலாறு எழுதப் புகும் எவருக்கும் எழும் இக்கட்டும் இதுவே. நம் குடும்பத்தில் முதன்முதலாகத் தேரி மணலில் குடிசை போட்ட பெண், முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற பெண், முதன்முதலாகக் கூலியைத் தன் கையில் வாங்கிய பெண் ஆகியோரை முன்னோடிகள் என்று சொல்லிக்கொள்கிறோம். அவர்கள் காலை எழுந்ததுமுதல் இரவு படுக்கும்வரை என்ன செய்தார்கள்? அதை இன்று எந்தச் சான்றைக் கொண்டு அறிவது? உவரியையும் அதைச் சுற்றியுள்ள கடற்கரை, பனங்காட்டு ஊர்களையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை அக்கேள்வியை ஆராய்கிறது. இதன் வாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: பெயரைத் தேடிப் போகிறவர் பெரும்பாலும் ஆண்களிடம் போய்ச் சேர்கிறார், வேலையைத் தேடிப் போகிறவருக்கே பெண்களின் நாள் புலப்படுகிறது.

2. இதுவரையான புரிதல்

நம்மிடம் குடும்ப வரலாறு என்பது பெயர் வழி வரலாறு. பேரன், பேத்தி என்னும் சொற்களே பெயரன், பெயர்த்தி என்பவற்றிலிருந்து வந்தவை. பாட்டியின் பெயரைத் தாங்குவதே பேத்தியின் உறவு. கேட்க இனிமையான இந்த வழக்கம் ஆய்வாளருக்குச் சிக்கல். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு ஒரு சவேரியம்மாள் இருந்தால், பதிவேட்டில் காணும் சவேரியம்மாள் யார்? அவளை வீட்டில் கூப்பிட்டது வேறொரு பெயராக இருந்தால் குழப்பம் இரட்டிக்கும். கடற்கரைப் பரதவர் குடும்பங்களில் பர்னாந்து, கோமஸ், ரொட்ரிகோ போன்ற போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்களும் தகப்பன் வழியே இறங்குகின்றன. தாயின் தாயைத் தேடுகிறவர் ஒவ்வொரு தலைமுறையிலும் குடும்பப் பெயர் மாறுவதைக் கண்டு திகைத்து நிற்பார்.

ஊர் வரலாறுகளும் சாதி வரலாறுகளும் இக்குறையைத் தீர்க்கவில்லை. அவை முத்துக்குளிப்பையும் மதமாற்றத்தையும் தலைவர்களையும் பேசுகின்றன. பெண்கள் தியாகத்தின் உருவமாகவோ கற்பின் உருவமாகவோ ஓரிரு வரிகளில் வந்துபோகிறார்கள்.

இதற்கு மாறான முயற்சிகள் மூன்றைக் குறிப்பிடலாம். கன்னியாகுமரிக் கரையின் முக்குவப் பெண்களைப் பற்றிக் கல்பனா ராம் 1991இல் வெளியிட்ட ஆய்வு முதலாவது. கடல் ஆணுக்கு, கரை பெண்ணுக்கு என்ற பிரிவினை கரையில் பெண்ணுக்கு எவ்வளவு பொறுப்பைச் சுமத்தியது, கடனும் கைமாற்றும் எவ்வாறு அவள் கைவழியே நடந்தன என்பதை அந்நூல் காட்டியது. இரண்டாவது, உப்பையும் பனையையும் பற்றி ஆ. சிவசுப்பிரமணியன் எழுதிய பண்பாட்டு வரலாறுகள். ஒரு பண்டத்தைப் பின்தொடர்ந்தால் அதைத் தொட்ட கைகளையெல்லாம் காணலாம் என்ற வழியை அவை திறந்துவைத்தன. மூன்றாவது, உவரியில் பிறந்த ஜோ டி குருஸ் 2004இல் வெளியிட்ட ‘ஆழி சூழ் உலகு’ நாவல். புனைவைச் சான்றாக அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் எந்த ஆவணமும் பதிவுசெய்யாத சொற்களை, ஒரு வேலைக்கும் அதைச் செய்பவருக்கும் ஊர் வைத்திருந்த பெயர்களை, அது சேமித்து வைத்திருக்கிறது. கள ஆய்வுக்குப் போகிறவருக்கு எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லித்தரும் அகராதி அது.

3. ஆவணத்தில் பெண் எப்போது தெரிகிறாள்?

உவரி அடங்கிய இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு எழுத்துச் சான்றுகள் குறைவில்லை. 1530களில் பரதவர் கத்தோலிக்கரானார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். 1544இல் அவர் தம் துணைவர் மன்சிலாஸுக்கு எழுதிய கடிதங்களில் இக்கரைப் பெண்கள் தென்படுகிறார்கள். சாராயம் குடிக்கும் பெண்களுக்குத் தண்டம் விதிக்கச் சொல்லும் இடம் அதில் ஒன்று. அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். 1580இல் வந்த அவருடைய ‘கொம்பெசியோனாயரு’ பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் நூல். இத்தகைய நூல்களில் நமக்குக் கிடைப்பது தவறு செய்யும் பெண், அல்லது தவறக்கூடும் என்று ஐயுறப்படும் பெண். தவறாமல் நாள் முழுதும் உழைத்தவளைப் பற்றி எழுத யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

பங்குப் பதிவேடுகள் இவற்றைவிட நெருக்கமானவை. 1563இல் திரெந்து சங்கம் திருமணப் பதிவேடு வைக்கும்படி பங்குக் குருக்களுக்கு ஆணையிட்டது. 1614இன் ரோமைச் சடங்கு நூல் பதிவுகளுக்குப் படிவம் வகுத்தது. அந்தப் படிவத்தின் கட்டங்களுக்குள்தான் நம் பூட்டிகள் இருக்கிறார்கள்: பிறந்தாள், ஞானஸ்நானம் பெற்றாள், மணமுடித்தாள், தாயானாள், அடக்கம் செய்யப்பட்டாள். வாழ்வின் ஐந்தாறு நாட்கள் கிடைக்கின்றன. மற்ற இருபதாயிரம் நாட்கள் கட்டத்துக்கு வெளியே கிடக்கின்றன.

ஆனால் இப்பதிவேட்டை ஓரங்களிலிருந்து வாசிக்கலாம். ஞானஸ்நானப் பதிவில் குழந்தையையும் பெற்றோரையும் அடுத்து ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்கள் இருக்கும். ஒரு பெண் யார் யார் பிள்ளைகளுக்கு ஞானத்தாயாக நின்றாள் என்று தொகுத்தால், அவளை நம்பிய வீடுகளின் வரைபடம் கிடைக்கும். அது தகப்பன் வழி வம்சாவளியில் வராத வரைபடம்.

இன்னொரு ஓரம் மருத்துவச்சி. சாகும் தறுவாயிலுள்ள சிசுவுக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். குரு வருவதற்குள் பேறு பார்த்தவளே தலையில் தண்ணீர் ஊற்றிவிடுவாள். பிறகு பதிவேட்டில் ‘இன் பெரிக்குலோ மோர்த்திஸ்’ என்ற லத்தீன் குறிப்பு ஏறும். மரண ஆபத்தில் என்று பொருள். எழுதத் தெரியாத ஒரு பெண் நள்ளிரவில் எடுத்த முடிவு, அவளுக்குப் புரியாத மொழியில் மூன்று சொற்களாக அங்கே நிற்கிறது.

அமெரிக்காவின் மெயின் பகுதியில் மார்த்தா பல்லார்டு என்ற மருத்துவச்சி 1785 முதல் 1812 வரை நாட்குறிப்பு எழுதினார். முந்தைய வரலாற்றாசிரியர்கள் அற்ப விவகாரம் என்று அதைத் தள்ளிவைத்தார்கள். லாரல் தாட்சர் உல்ரிக் அந்த அற்ப விவகாரங்களையே அடுக்கி 1990இல் நூலாக்கினார். 1991இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. நம் மருத்துவச்சிகள் நாட்குறிப்பு எழுதவில்லை. எழுதப்பட்ட மூன்று சொற்களையாவது அற்பம் என்று தள்ளாமல் இருப்பதே உல்ரிக்கிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

பெயர் தெளிவாகக் கிடைத்தால் மட்டும் போதுமா? பாளையங்கோட்டைக் குளோரிந்தாவைப் பார்ப்போம். பிராமணக் கைம்பெண்ணான அவர் 1778இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டின் 40 பேரில் முதற்பெயர் அவருடையது. அவர் முயற்சியால் எழுந்து 1785இல் திறக்கப்பட்ட ஆலயம் இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில் எனப்படுகிறது. திருநெல்வேலியில் முன்னோடிப் பெண் என்ற சொல்லுக்கு இவரைவிடப் பொருத்தமானவர் அரிது. ஆயினும் அந்த வீட்டில் அடுப்பு மூட்டியது யார், சாதியை விட்டு வந்தபின் அவருக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தது யார் என்ற கேள்விகளுக்குப் பதிவேட்டின் முதல் வரி பதில் சொல்வதில்லை. பெயர் இருக்கிறது, நாள் இல்லை. உவரிப் பால்காரிக்கு நேர்மாறு.

அரசு ஆவணங்கள் இவ்விரண்டையும் தருவதில்லை. பிரிட்டனில் நூறாண்டு கடந்த மக்கள்தொகைக் கணக்கின் வீட்டுப் படிவங்களைப் பெயரோடு பார்க்கலாம். நம்மிடம் எஞ்சியிருப்பவை அச்சான அட்டவணைகள் மட்டுமே. அவற்றிலும் உழைப்பவர், சார்ந்திருப்பவர் என்ற பிரிவினையில், கணவன் இறக்கிய பதநீரை நாளெல்லாம் காய்ச்சிய பெண் எந்தப் பக்கம் விழுந்திருப்பாள் என்பது கணக்கெடுத்தவர் கையில் இருந்தது.

4. வேலையின் வழியே

எனவே தேடலைத் திருப்பிப் போடலாம். ஆளிலிருந்து வேலைக்குப் போகாமல், வேலையிலிருந்து ஆளுக்கு வருவது. உவரிப் பகுதியில் இதற்கு மிகவும் தோதான இடம் விடிலி, அதாவது பனங்காட்டுக்குள் பதநீர் காய்ச்சுவதற்காகப் போடும் ஓலைக் குடிசை.

பனையேறி ஒரு நாளில் 30 முதல் 50 மரம்வரை, காலையும் மாலையும் ஏறுவான் என்பது இப்பகுதி பற்றிய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு. அந்தக் கணக்கு மரத்தடியோடு நின்றுவிடுகிறது. பதநீர் காத்திருக்காது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதால் சிறிது நேரம் புளிக்காமல் நிற்கும். அன்றைக்கே காய்ச்சாவிட்டால் வீணாகும். ஆகவே முதல் மரத்துப் பதநீர் இறங்கும் முன்னரே விடிலியில் அடுப்பு தயாராக இருக்க வேண்டும். அதற்கு முன் விறகு வேண்டும். காய்ந்த ஓலை, மட்டை, உடைமுள் என்று பொறுக்கிச் சேர்க்க அதற்கு முந்திய பொழுது வேண்டும். ஆண் மரத்தில் இருக்கும் நேரம் தெரிந்தால், பெண் கண்விழித்த நேரத்தை இப்படிப் பின்னோக்கி எண்ணி அறியலாம்.

பதநீர் தாழியில் கொதித்துச் சுண்டிக் கூழாகும்வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பதம் பார்ப்பது கண்ணாலும் கையாலும். சிறிது எடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, இறக்கும் நொடியைத் தீர்மானிப்பார்கள். ஒரு நொடி பிந்தினால் கருகும். முந்தினால் கட்டி பிடிக்காது. பிறகு சிரட்டைகளில் ஊற்றி ஆறவைப்பது. காலைச் சுமை முடிவதற்குள் மாலைப் பதநீர் வந்துவிடும். பருவம் ஏறத்தாழப் பங்குனி முதல் ஆவணிவரை. ஆண் ஏறி இறக்கியது அன்றன்றே அழியும் சாறு. அதை மாதக்கணக்கில் வைத்து விற்கும் பண்டமாக மாற்றியது பெண்ணின் பதம். கருப்பட்டியின் விலையில் பெரும்பகுதி அவள் கையில் பிறந்தது என்றாலும், தொழிலின் பெயர் பனையேற்று என்றே நின்றுவிட்டது.

இதற்கான பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று, உவரிக்கு அருகிலுள்ள இடையன்குடியில் வாழ்ந்த மிஷனரி கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூல். பனைத்தொழிலை நுட்பமாகப் பார்த்த அதே கண், அந்த மக்களை இழிவாகவும் பார்த்தது. அம்மக்களான நாடார்கள் பின்னாளில் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். நூல் திரும்பப் பெறப்பட்டது. இத்தகைய சான்றை எறிந்துவிடவும் முடியாது, வணங்கவும் முடியாது. வேலை நடந்த முறையைப் பற்றி அது சொல்வதை விடிலியில் வளர்ந்தவர்களின் வாய்மொழியோடு வைத்துப் பார்க்கலாம். வேலை செய்தவர்களின் குணத்தைப் பற்றி அது சொல்வதை எழுதியவரின் குணத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

அதே இடையன்குடியில் 1844இல் வேறொரு வேலை வந்திறங்கியது. நாகர்கோவிலில் லேஸ் பின்னலைத் தொடங்கிவைத்த மார்த்தா மால்ட்டின் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இங்கே வந்து, பெண்களுக்கு லேஸ் கற்பித்தார். முன்னோடி என்ற பட்டம் வழக்கமாக எலைசாவுக்குக் கிடைக்கிறது. முதல் நாள் அந்த அறையில் போய் உட்கார்ந்த பெண்ணுக்கும் அதில் பங்குண்டு. வெள்ளை நூல் அழுக்குப் படாமல் இருக்க வேண்டும். விரல் சொரசொரப்பாக இருந்தால் இழை சிக்கும். காய்ச்சும் தாழியைப் பிடித்த கையும் லேஸ் பின்னிய கையும் ஒரே கையாக நெடுநாள் இருந்திருக்க முடியாது என்பது என் ஊகம். மகள் லேஸ் அறைக்குப் போனபோது அவள் விட்டுவைத்த விறகையும் கிளறலையும் தாய் ஏற்றிருக்க வேண்டும். ஒருத்தி முன்னோடியாக இன்னொருத்தியின் நாள் நீண்டது.

கடற்கரைப் பக்கம் இதே வழியில் பின்தொடர வேண்டிய பண்டங்கள் மீனும் உப்பும். பிடித்த மீனில் அன்று விலைபோகாததைக் கீறி, உப்பிட்டு, மணலில் காயவைத்து, மழை கண்டால் அள்ளி, காகத்துக்கும் நாய்க்கும் காவலிருந்து கருவாடாக்கிய வேலை அது. கருவாடு உள்நாட்டு ஊர்களுக்குப் போனது. கருப்பட்டி கடற்கரைக்கு வந்தது. இரண்டும் பெண்கள் பதப்படுத்திய பண்டங்கள். ஒன்று உப்பால் கெடாமல் நின்றது, மற்றது நெருப்பால். சாதியும் கோயிலும் வெவ்வேறான இரு பெண்கள் ஒரே பாதையின் இரு முனைகளில் இருந்தார்கள். ஊர் வரலாறுகள் தனித்தனியாக எழுதப்படுவதால் இந்தப் பாதை எந்த வரலாற்றிலும் இல்லை.

5. நினைவும் மௌனமும்

வேலையைப் பற்றிய பொது அறிவு போதாது. வீட்டின் நினைவு வேண்டும். அதைக் கேட்கும் முறையில் ஒரு பாடம் எனக்குக் கிடைத்தது. “உங்க ஆச்சி எப்படிப்பட்டவங்க?” என்று கேட்டபோதெல்லாம் வந்த பதில் ஒன்றுதான்: “தங்கமான பொம்பள.” “ஆச்சி நல்லதண்ணி எங்கருந்து எடுத்தாங்க?” என்று கேட்டதும் பேச்சு மாறியது. மணலைத் தோண்டிய ஊற்று, ஊறுவதற்குக் காத்திருந்த நேரம், சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தை நிரப்பியது, வரிசையில் முந்தியவளோடு போட்ட சண்டை, இடுப்புக் குடமும் தலைக்குடமும் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். தங்கமான பொம்பளை அங்கே கோபக்காரியாகவும் கெட்டிக்காரியாகவும் உயிர்பெற்றாள்.

மௌனங்களையும் வாசிக்க வேண்டும். “எங்க வீட்டுப் பொம்பளைங்க கடக்கரைக்குப் போனதே இல்ல” என்பது கடற்கரைக் குடும்பங்களில் பெருமையோடு சொல்லப்படும் வாக்கியம். அது உண்மையாக இருக்கலாம். பரதவரிடையே பெண்கள் மீன்கூடை சுமப்பதை மதிப்புக் குறைவாகக் கருதும் போக்கு உண்டு; எனவே முக்குவப் பெண்கள் பற்றிய கல்பனா ராமின் முடிவுகளை இங்கே அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அதே வாக்கியம், வசதி வந்தபின் பழைய உழைப்பின் மேல் போர்த்திய போர்வையாகவும் இருக்கலாம். எது என்று அறிய ஒரு வழி, பேச்சை விட்டுப் பொருளைக் கேட்பது. வீட்டில் கருவாட்டுப் பெட்டி இருந்ததா, சும்மாடு யாருடையது, கடன்காரர் வந்தால் யாரிடம் பேசினார் என்று கேட்டால், போர்வை தானாக விலகும்.

புகைப்படமும் ஒரு பொருள்தான். தென் திருநெல்வேலிப் பெண்கள் காது வளர்த்துப் பாம்படம் அணிந்தார்கள். தோள்வரை தொங்கும் காதை மிஷன் சார்ந்தவர்கள் ஊக்குவிக்கவில்லை. வடித்த காதை அறுத்துத் தைத்துக்கொண்ட ஒரு தலைமுறையும் உண்டு. குடும்பப் படத்தில் ஒரு மூதாட்டியின் காது வெறுமையாகத் தொங்கினால் பாம்படம் போன இடத்தைக் கேட்க வேண்டும். மகள் கல்யாணமா, மகன் வாங்கிய வள்ளமா, கடனா? காது தைக்கப்பட்டிருந்தால் அதற்கு அவளே இசைந்தாளா, பிள்ளைகள் வற்புறுத்தினார்களா என்று கேட்க வேண்டும். வீட்டின் வரவு செலவும் மதமும் வெட்கமும் ஒரு காதுமடலில் எழுதப்பட்டிருக்கின்றன.

6. எதிர்வாதம்

இம்முறைக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. விடிலியையும் ஊற்றையும் வைத்து எழுதினால் கிடைப்பவள் யாரோ ஒரு பனங்காட்டுப் பெண். என் பூட்டி அல்லள். பலருடைய நாட்களை ஒட்டுப்போட்டு ஒருத்தியின் நாளாக்குவது வரலாறா? மறுப்பு நியாயமானது. இன்னொரு ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. உழைப்பை அடுக்க அடுக்க அவள் தெய்வமாகிவிடுகிறாள். தெய்வமான பெண்ணுக்குச் சோம்பலும் பொறாமையும் மருமகளிடம் காட்டிய கொடுமையும் கிடையாது. தியாகத்தின் உருவம் என்ற பழைய இரண்டு வரிக்கு மாற்றாக, அதே உருவத்தை இருபது பக்கத்துக்கு நீட்டியவர்களாவோம்.

இரண்டாவது ஆபத்துக்கு மருந்து, ஊற்றங்கரைச் சண்டையை விட்டுவிடாமல் எழுதுவது. முதலாவதற்கு, பெயரையும் வேலையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது. பெயர் தரும் தேதி ஒருத்திக்கே உரியது. வேலை தரும் காலம் ஊருக்குப் பொதுவானது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் நிற்பவள் பொதுப் பெண் அல்லள்.

7. முடிவாக

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு இதை விளக்கும். பனைத்தொழில் செய்த ஒரு குடும்பத்தின் ஞானஸ்நானப் பதிவில் மே மாதத் தேதியொன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர், அவ்வளவுதான். வம்சாவளி எழுதுகிறவர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த பக்கம் புரட்டுவார். வேலையை அறிந்தவர் அந்தத் தேதியில் நின்றுவிடுவார். மே என்றால் சித்திரை, வைகாசி. பதநீர் பெருகும் பருவம். பிள்ளை பிறந்த அந்த வாரம் முழுக்கக் கணவன் காலையும் மாலையும் மரமேறியிருக்க வேண்டும். பதநீர் காத்திருக்காது. அப்படியானால் அந்த வாரம் தாழியைக் கிளறியது யார்? தாயா, மாமியாரா, பத்து வயது மூத்த மகளா? பேறான எத்தனையாவது நாள் அவள் திரும்பவும் அடுப்புப் பக்கம் போனாள்? ஞானத்தாயாக நின்றவள் பக்கத்து விடிலிக்காரியா?

இக்கேள்விகளில் சிலவற்றுக்கு அடுத்தடுத்த பதிவுகளிலும், மூத்தவர்களின் நினைவிலும் பதில் கிடைக்கும், சிலவற்றுக்குக் கிடைக்காது. கிடைக்காதவற்றையும் கேள்விகளாகவே குடும்ப வரலாற்றில் எழுதிவைக்க வேண்டும் என்பதே என் கருத்து. உவரிக் கதை பால் கொட்டிய இடத்திலேயே நின்றுவிட்டது. வெறும் பானையோடு கூட்டப்பனைக்குத் திரும்பி நடந்த அந்தப் பெண்ணுக்கு அன்று மீதி நாள் முழுவதும் இருந்தது, வேலையும் இருந்தது.